மரமல்லியும் பாட்டில் கார்க்கும்

மரமல்லிக்கு ஆங்கிலத்தில் இந்தியக் கார்க் மரம் என்று பெயர், அதனால் பாட்டில் மூடும் கார்க் அதிலிருந்துதான் வருகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பெயரைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அது சரியில்லை.

கடைகளில் கிடைக்கும் கார்க், குவெர்கஸ் சூபர் என்ற ஓக் மரத்தின் பட்டை. போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கம் வளர்வது. மரத்தை வெட்டுவதில்லை. சுமார் 25 வயதானதும் பட்டையை மட்டும் உரிக்கிறார்கள், அப்புறம் குறைந்தது 9 ஆண்டுகள் விட்டுத்தான் மறுபடி உரிப்பார்கள். நம்ம மரமல்லி வேறு குடும்பம், அதன் தாவரவியல் பெயர் மில்லிங்டோனியா ஹார்டென்சிஸ். அதன் பட்டையையும் ஒரு காலத்தில் கார்க்குக்குப் பதிலாகப் பயன்படுத்தினார்கள், தரம் குறைவுதான். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

சரிபார்க்க, இந்த இரண்டு தாவரவியல் பெயர்களையும் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியலில் தேடுங்கள். குடும்பம், சொந்த நாடு இரண்டும் இருக்கும். மரமல்லியைத் தெருவிலேயே பார்க்கலாம்: நீளக் காம்புள்ள வெள்ளைப் பூ உதிரும். ஓக்கிலோ தொப்பி போட்ட கொட்டை காய்க்கும்.