புல்வெட்டும் ரோபோவுக்கு நான்தான் எடுபிடி

உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் புல்வெட்டும் ரோபோவை வாங்கினேன். அது எல்லை தாண்டாமல் இருக்க, தோட்டத்தைச் சுற்றி முட்டி போட்டு, சிக்னல் ஓடும் எல்லைக் கம்பி பதித்ததிலேயே இடுப்பு போய்விட்டது. சரி, இனி நிம்மதி என்று பார்த்தால், செடி நட மண்ணைக் கொத்தியபோது அதே கம்பியை நானே வெட்டித் தொலைத்தேன். ஓரிடத்தில் அறுந்தாலும் சிக்னல் சுற்று முறிந்துவிடும். ஐயா நகரவே மாட்டார். எங்கே அறுந்தது என்றும் வாய் திறக்க மாட்டார். அரை நாள் குனிந்து, கம்பியை விரலால் தடவித் தடவித் தேடினேன்.

கம்பியே இல்லாத, செயற்கைக்கோள் பார்த்து ஓடும் ரகம் வாங்கியிருக்கலாமே என்கிறார்கள். அதற்கு வானம் தெரிய வேண்டுமாம். எங்கள் தோட்டத்தில் பாதி மரநிழல்! அப்புறம், சுவர் ஓரத்துப் புல்லை இன்னும் என் கையால்தான் வெட்டுகிறேன்.