70,000 கையெழுத்துக்குக் கிடைத்த ஒரு பள்ளிக்கூடம்

சென்னைப் பல்கலைக்கழகம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் 1857 என்போம். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்கள் செப்டம்பர் 5 என்று தேதியோடு சொல்வார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, 1841-இல், பல்கலைக்கழகம் என்ற பெயரைச் சுமந்துகொண்டு பிராட்வேயில் ஓர் உயர்நிலைப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. பட்டம் கிடையாது, கல்லூரி வகுப்பு கிடையாது, பள்ளிப் பையன்கள் மட்டும்தான். அந்தப் பள்ளியின் கதையை நாம் சொல்லிக்கொள்வதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கதை ஒரு மனுவில் தொடங்குகிறது. அப்போது சென்னையில் அட்வகேட் ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞராக, இருந்தவர் ஜார்ஜ் நார்ட்டன். எங்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று கேட்கும் ஒரு மனுவை 1839 நவம்பர் 11 அன்று கவர்னர் எல்பின்ஸ்டனிடம் அவர் கொடுத்தார். அதில் 70,000 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தென்னிந்தியாவில் பயணிகள் ரயில் ஓடாத காலம் அது. எத்தனை பேர் எத்தனை தெருக்களில் நடந்து அந்தக் கையெழுத்துகளை வாங்கியிருப்பார்கள்! பல்கலைக்கழகம் வெள்ளைக்காரன் தானாகப் பார்த்துக் கொடுத்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நம் ஆட்கள் கேட்டார்கள், அதுவும் எழுதிக் கேட்டார்கள். (பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறக்கட்டளைப் பணம் பள்ளியாக மாறியதிலும் இந்த நார்ட்டனுக்குப் பங்கு உண்டு. அந்தப் பள்ளியும் 1842 ஜனவரியில் இதே பிராட்வேயில்தான் தொடங்கியது. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

எல்பின்ஸ்டன் போட்ட திட்டத்தில் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பிரிவுகள். இலக்கியம், தத்துவம், அறிவியலில் உயர்ந்த படிப்புக்கு ஒரு கல்லூரி. ஆங்கிலமும் நம் மொழிகளும் அடிப்படை அறிவியலும் கற்க ஓர் உயர்நிலைப் பள்ளி. நார்ட்டன் தலைமையில் வாரியம் அமைந்தது. ஆனால் கல்லூரியில் சேரும் அளவுக்குப் படித்த மாணவர்கள் வேண்டுமே? அதனால் பள்ளி மட்டும் திறந்தது. அதற்கும் முன்னோட்டமாக 1840 அக்டோபரில் எழும்பூரில் ஒரு வாடகை வீட்டில் ஆயத்தப் பள்ளி. தலைமை ஏற்க கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துத் தேறிய ஏர் பர்ட்டன் பவல் இங்கிலாந்திலிருந்து கிளம்பியிருந்தார். பம்பாயில் இறங்கிச் சென்னை வந்து சேர அவருக்கு நவம்பர் ஆகிவிட்டது. அதுவரை காத்திருக்க மனமில்லாமல், வங்காளத்தின் ஹூக்ளி கல்லூரியிலிருந்து கூப்பர் என்பவரை மாதம் 400 ரூபாய்க்கு அழைத்து வந்தார்கள். அவருக்குச் சென்னை ஒத்துவரவில்லை, சில மாதங்களில் திரும்பிப் போய்விட்டார். பவல் மட்டும் 1862 வரை அங்கேயே இருந்தார். அப்புறம் மாகாணத்தின் கல்வித் துறைக்கே இயக்குநரானார்.

சரி, பள்ளியில் தொடங்கியது சரியா? சரி என்றே நினைக்கிறேன். அடித்தளம் இல்லாமல் மாடி கட்ட முடியாது. என் மனத்தாங்கல் வேறு. ஒரே ஒரு பள்ளியோடு ஏன் நின்றார்கள்?

தாமஸ் மன்றோ கவர்னராக இருந்தபோது 1822-இல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், அவற்றில் 1,88,650 பேர் படிப்பதாகக் கணக்கு வந்தது. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். அதை வைத்து 1826-இல் அவர் ஒரு திட்டம் எழுதினார். கலெக்டர் ஆளும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு பள்ளிகள், ஆக 40. அவற்றுக்குக் கீழே தாசில்தார் எல்லைக்கு ஒன்றாக 300 பள்ளிகள். மறு ஆண்டே மன்றோ காலராவில் இறந்தார். திட்டத்தில் ஒரு பகுதிதான் நடந்தது, 1836-இல் அதையும் கைவிட்டார்கள். மேல்தட்டில் சிலருக்கு ஆங்கிலக் கல்வி கொடுத்தால் போதும், அது தானாகக் கீழே இறங்கும் என்ற எண்ணம் அப்போது ஓங்கியிருந்தது. இன்றைய ஒடிசாவில் இருக்கும் கஞ்சத்திலிருந்து திருநெல்வேலி வரை விரிந்துகிடந்த மாகாணத்துக்குச் சென்னையில் ஒரு பள்ளி என்று ஆனது இந்தப் பின்னணியில்தான். கல்வி தானாகக் கீழே இறங்கவில்லை. அரசின் முயற்சியெல்லாம் மேல் வகுப்பாரின் கல்வியிலேயே குவிந்துவிட்டது என்று 1854-இல் லண்டனிலிருந்து வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கையே ஒப்புக்கொண்டது.

அந்தப் பள்ளியில் படித்துப் பெயரெடுத்தவர்களைப் பாருங்கள். திருவிதாங்கூர், இந்தூர், பரோடா மூன்றுக்கும் திவானாக இருந்த டி. மாதவ ராவ். திருவிதாங்கூரிலும் புதுக்கோட்டையிலும் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர். அபாரமான அறுவடை, மறுக்கவே முடியாது. ஆனால் மூவரும் தஞ்சைச் சீமைக்காரர்கள், மூவரும் பிராமணர்கள். மாதவ ராவின் அப்பாவும் பெரியப்பாவும் ஏற்கெனவே திருவிதாங்கூரில் திவான் பதவி பார்த்தவர்கள். பெண் பிள்ளைகளுக்கு அங்கே இடமே இல்லை.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 1846-இல் அப்போதைய கவர்னர் ட்வீடேல், அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக வைக்கலாம் என்று எழுதினார். சென்னை வணிகர் காஜுலு லட்சுமிநரசு செட்டி முதலானவர்கள் கூட்டம் கூட்டி எதிர்த்தார்கள், கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களும் அதை ஏற்கவில்லை. மனு எழுதிப் பள்ளியை வாங்கிய ஊர், அதன் பாடத்திலும் பேச்சுரிமை தனக்கு உண்டு என்று நினைத்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பின்னால் அந்தப் பள்ளியில் கல்லூரி வகுப்புகள் வந்தன, 1855-இல் மாநிலக் கல்லூரி என்ற பெயர் வந்தது, 1870-இல் கடற்கரையோரம் கட்டடக் கலைஞர் சிசோம் கட்டிய மாளிகைக்குக் குடிபோனது. பள்ளியாக இருந்த காலம் அப்படியே மங்கிப்போனது.

என் கோரிக்கை இரண்டு. முதலாவது, பல்கலைக்கழகத்துக்கு. அது தன் வரலாற்றை 1839-இன் அந்த மனுவிலிருந்து சொல்லட்டும். போபம்ஸ் பிராட்வே இன்றைக்குப் பிரகாசம் சாலை. அங்கே இந்தப் பள்ளிக்கு ஒரு கல்வெட்டு வைக்கட்டும்.

இரண்டாவது, வரலாறு சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு. முத்துசாமி ஐயர் என்றாலே தெருவிளக்கில் படித்த கதையைத்தான் சொல்கிறோம். அதற்கு முந்தைய கதையையும் சொல்லுங்கள். அப்பாவை இழந்த சிறுவன், மாதம் ஒரு ரூபாய்க்கு ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் வேலை பார்த்தான். அவன் கெட்டிக்காரத்தனத்தைக் கவனித்துப் படிப்பதற்குச் சென்னைக்கு அனுப்பியவர் ஒரு தாசில்தார். பெயர் முத்துசாமி நாயக்கர். 1854-இல் ஆங்கிலக் கட்டுரைக்கு 500 ரூபாய் பரிசு வாங்கியது அந்தப் பையன்தான். தாசில்தார் எல்லைக்கு ஒரு பள்ளி என்று மன்றோ எழுதிவைத்தது நடந்திருந்தால், அவனுக்கு ஒரு தாசில்தாரின் கண்ணில் படவேண்டிய தேவையே இருந்திருக்காது. அப்படி யார் கண்ணிலும் படாமல் கணக்கு எழுதிக்கொண்டே இருந்துவிட்ட மற்றப் பையன்களைப் பற்றியும் வகுப்பில் ஐந்து நிமிடம் பேசுங்கள்.