பீரோ மேல் கிடந்த பூப்பந்து மட்டை

போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த கையோடு பெற்றோர் கூட்டம் போட்டார்கள். மகள் பத்தாம் வகுப்பு. "இந்த வருஷம் பப்ளிக் எக்ஸாம், அதனால பி.டி. பீரியட் ரெண்டையும் கணக்குக்குக் கொடுத்திருக்கோம்" என்று சொன்னதும் ஹாலே கைதட்டியது. நானும் தட்டினேன், கொஞ்சம் சத்தமாகவே. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனிமேல் எழுதப்போவது பள்ளிக்கூடத்தைக் குறை சொல்கிற மாதிரி இருக்கும். குறையில் பாதிக்கு மேல் என்னுடையது.

அன்று சாயங்காலமே அவளுடைய பூப்பந்து மட்டையை பீரோ மேல் தூக்கிப் போட்டேன். ஏழாம் வகுப்பிலிருந்து ஆடுகிறவள். பூப்பந்து என்றால் இப்போது பலர் ஷட்டில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது மஞ்சள் கம்பளி நூல் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர் நின்று ஆடுவது. "பரீட்சை முடியட்டும், ஏப்ரல்ல எடுத்துத் தாரேன்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேசைக்கு அடியில் கிடந்த பந்தையும் தானே எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் உறைத்திருக்கும்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, காலை பிரேயரில் மயங்கி விழுந்தாள்.

பாளையங்கோட்டையில் நாங்கள் எப்போதும் போகிற டாக்டர் வயதானவர். ஸ்டெதாஸ்கோப்பைத் தொடும் முன்பே கேள்விதான் கேட்பார். "ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பே தாயி?" பன்னிரண்டரை. "எந்திரிக்கிறது?" நாலரை. "காலையில என்ன சாப்பிட்ட?" டீ. "கடைசியா எப்ப வேர்க்க வேர்க்க ஓடுனே?" இதற்கு மட்டும் அவள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2. இந்த வயதுப் பெண்பிள்ளைக்கு 12-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகைதான். அன்று ராத்திரி அவள் பையை ஒதுங்கவைத்த என் மனைவி ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள். காம்பஸுக்கும் பாகைமானிக்கும் நடுவில் பதினோரு நீல மாத்திரைகள். வாரம் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை. "முழுங்கினா குமட்டுதுப்பா" என்றாள். குமட்டத்தானே செய்யும், வெறும் வயிற்றில் டீயைக் குடித்துவிட்டு முழுங்கினால்? சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டியது அது. டீயும் காபியும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் நன்றாகச் சேரும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. என் அம்மா உடனே உடன்குடி கருப்பட்டிக்குச் சொல்லிவிட்டாள். கருப்பட்டி நல்லதுதான், ஆனால் 9.2-ஐ 12 ஆக்குகிற வேலையை மாத்திரைதான் செய்யும்.

அடுத்து தூக்கம். நம் பக்கத்தில் நாலு மணிக்கு எழுந்து படிக்கிற பிள்ளைக்குத் தனி மரியாதை உண்டு. "பக்கத்து வீட்டுப் பய நாலு மணிக்கே லைட்டைப் போட்டுட்டான்" என்று சொல்லியே எத்தனை பிள்ளைகளை எழுப்பியிருக்கிறோம்! என் ஆச்சி தினமும் நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளித்தவள், அது உண்மை. ஆனால் அவள் ராத்திரி எட்டரைக்கு முந்தானையை விரித்துப் படுத்தால் இடி விழுந்தாலும் எழ மாட்டாள். ஏழரை மணி நேரத் தூக்கம் அது. நாம் அந்த நாலு மணியை மட்டும் பிடித்துக்கொண்டு எட்டரையை வசதியாக மறந்துவிட்டோம். டியூஷன் முடிந்து எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைகிற பிள்ளை எப்போது சாப்பிட, எப்போது எழுத, எப்போது தூங்க?

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இன்னொன்றும் உண்டு. இந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் சின்னப் பிள்ளைகளுக்குச் சுரப்பதைவிடப் பிந்தித்தான் சுரக்கும். ஒன்பது மணிக்கே படு என்றால் தூக்கம் வராது. அது திமிர் இல்லை, உடம்பு அப்படி. பிந்தித் தூக்கம் வருகிற பிள்ளையை நாலரைக்கு எழுப்பினால் நஷ்டம் முழுக்க அவளுக்கு. பகலில் படித்ததை மூளை அடுக்கிப் பத்திரப்படுத்துவதும் தூக்கத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது. நாங்கள் அந்த அடுக்குகிற நேரத்தைப் பிடுங்கிப் படிக்கிற நேரத்தோடு சேர்த்திருந்தோம்.

செல்போனைப் பற்றி எல்லோரும் எழுதியாச்சு. எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் செல்போனை நோண்டுகிற ஒரே ஆள் நான்தான், அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்கிற ஒரு கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வயதுக்கு வந்ததும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிறோம். எதற்கு? இடுப்பெலும்பு பலப்பட. அதே வாரம் அதே வாயால் "இனிமே குதிச்சு ஆடாத, ஓடாத" என்கிறோம். எலும்பு உறுதியாவதற்குச் சத்தும் வேண்டும், கூடவே குதிப்பதும் ஓடுவதும் வேண்டும். பாரம் விழ விழத்தான் எலும்பு கெட்டிப்படும். வாழ்நாளில் ஒரு பெண்ணின் எலும்பு எட்டக்கூடிய உச்ச அளவில் சுமார் 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. நாம் ஆட்டத்தை நிறுத்துகிற வயதும் அதற்குள்தான். களியைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்காரவைத்தால் களி என்ன செய்யும்?

5 முதல் 17 வயதுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குகிற மாதிரி உடலசைவு வேண்டும், வாரம் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயது மாணவர்களில் 81 சதவீதம் பேர் உலகம் முழுக்க இதை எட்டவில்லை என்று 2019-இல் அவர்களே கணக்கு வெளியிட்டார்கள். ஆகவே இது பாளையங்கோட்டையில் மட்டும் உள்ள வியாதி இல்லை. அதற்காக நாம் ஆறுதல்பட்டுக்கொள்ளவும் முடியாது.

காலையில் அண்ணா ஸ்டேடியம் பக்கமோ வ.உ.சி. மைதானம் பக்கமோ போய்ப் பாருங்கள். கையை வீசி வீசி நடக்கிறவர்களில் முக்கால்வாசி ஐம்பதைத் தாண்டிய அண்ணாச்சிகள். சுகர் வந்த பிறகு டாக்டர் விரட்டி வந்தவர்கள். (நானும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது.) சுகர் வராமலிருக்க இப்போதே ஓட வேண்டிய பிள்ளைகள் அதே நேரத்தில் மைதானத்து வாசலைத் தாண்டி டியூஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், பை கனத்தில் முதுகு வளைந்து.

"விளையாடினா மார்க் போயிரும்" என்ற பயம் எனக்கும் இருந்தது. அதனால் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை 20 நிமிடம் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்ததைவிட, நடந்த பிறகு கவனமும் வாசித்துப் புரிந்துகொள்வதும் கூடியிருந்தது. 2009-இல் வெளிவந்தது அது. சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருஷத்தில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30 சதவீதம், மற்றவற்றில் ஏறக்குறைய 40. மகளின் வகுப்பில் எத்தனை கண்ணாடி என்று எண்ணச் சொன்னேன். நாற்பத்திரண்டு பேரில் பத்தொன்பது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. நாலரை அலாரத்தை ஆறாக்கினோம், படுக்கை பத்தரை. அவ்வப்போது தவறுகிறது. காலையில் இட்லி இல்லாத நாளில் பழைய சோறும் தயிரும் வெங்காயமும், டீ பதினொரு மணிக்கு மேல். வாரத்தில் இரண்டு நாள் டியூஷனை நிறுத்தினோம். அதற்கு டியூஷன் மாஸ்டரிடம் நான் கேட்ட பேச்சைத் தனிப் பதிவாக எழுதலாம். அப்புறம் மட்டையை இறக்கினேன். தூசி தட்டிப் பார்த்தால் நரம்பு ஒன்று அறுந்திருந்தது.

ஆட ஆள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் நானும் அவளும்தான். முதல் நாள் பத்து நிமிடத்தில் எனக்கு மூச்சு இரைத்தது, அவளுக்கும் இரைத்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஐம்பத்திரண்டு வயதுக்காரனின் மூச்சு. அன்று ராத்திரி அதை நினைத்துக் கொஞ்ச நேரம் தூக்கம் வரவில்லை.

அரையாண்டில் கணக்கில் மூன்று மார்க் குறைந்தது, அறிவியலில் ஏழு கூடியது. இதை வைத்து எந்தப் பக்கமும் ஒன்றும் நிரூபிக்க முடியாது. போன வாரம் எடுத்த ஹீமோகுளோபின் 11.4.

ஜனவரியில் மறுபடி பெற்றோர் கூட்டம். எழுந்து நின்று, ஒரு பி.டி. பீரியடையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். யாரும் கைதட்டவில்லை. "பரீட்சை நெருங்குற நேரத்துல போய்..." என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். "பாக்கலாம் சார்" என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பைக்கை எடுக்கும்போது அந்த முணுமுணுத்த மனுஷனே பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, சாயங்காலம் எங்க ஆடுதீங்க? எம் பயலயும் அனுப்பட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இப்போது ஆறு பேர் வருகிறார்கள். கைவசம் மூன்று மட்டைதான் இருக்கிறது, பந்து நேற்று எதிர்வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டது. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் பூப்பந்துப் பந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.