எழுத்தைப் பெரிதாக்கினால் போன் ஹேக் ஆகாது

"போனில் அணுகல்தன்மை என்ற பகுதியைத் தொடாதீர்கள், அது பார்வையற்றவர்களுக்கு மட்டும், நாம் தொட்டால் பேங்க் பணம் போய்விடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி எங்கள் முக்கூடல் பக்கம் சுற்றுகிறது. தவறு. அணுகல்தன்மை (Accessibility) என்பது எழுத்தைப் பெரிதாக்குவது, திரையை வாசிக்கச் சொல்வது போன்ற வசதிகள் இருக்கும் செட்டிங்ஸ் பகுதி, அவ்வளவுதான். அந்தச் செய்தியை நம்பிப் பயந்துபோன எங்கள் ஆச்சி, பெரிதாக வைத்திருந்த எழுத்தைத் திரும்பச் சின்னதாக்கச் சொல்லிவிட்டு, இப்போது பென்ஷன் மெசேஜைக்கூட அடுத்தவரிடம் நீட்டிப் படிக்கச் சொல்கிறார்.

பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆண்ட்ராய்டில் தெரியாத ஆப் ஒன்றுக்கு அணுகல்தன்மை அனுமதி கொடுத்தால், அது திரையில் இருப்பதைப் படிக்கும், நமக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்தும். மோசடிக்காரர்கள் இதைப் பயன்படுத்துவது உண்மைதான், அந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள். ஆனால் எழுத்தளவு, வசன வரி, திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் எல்லாம் வேறு, அவற்றால் பணம் போகாது.

"பார்வையற்றவர்களுக்கு மட்டும்" என்பதும் சரியில்லை. மத்தியான வெயிலில் பஸ்ஸுக்கு நின்று திரை தெரியாமல் கண்ணைச் சுருக்குபவருக்கும், பீடி சுற்றிக்கொண்டே செய்தியைக் காதால் கேட்க நினைக்கும் அத்தைக்கும் இதே வசதிகள்தான்.

ஆப் செய்கிறவர்களே, தனிப் பதிப்பெல்லாம் வேண்டாம், ஆளுக்கும் நேரத்துக்கும் தக்கபடி திரை வளைந்துகொடுத்தால் போதும். எழுத்தை 200 சதவீதம் வரை, அதாவது இரண்டு மடங்காக, பெரிதாக்கினாலும் எதுவும் மறையக்கூடாது என்று இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி 2.0 நெறிமுறை 2008-இலேயே சொல்லிவிட்டது. ஆச்சி போனில் உள்ள ஒரு ஆப்பில், எழுத்து பெரிதானால் 'உறுதிசெய்' பட்டனே காணாமல் போகிறது.