கணக்குக் கோப்பைக் கண்ணால் படிக்க முடிய வேண்டும்

பத்து ஆண்டுகளுக்கு முன் நான் போட்டுவைத்த ஒரு தொகையீட்டுக் கணக்கு போன வாரம் தேவைப்பட்டது. கோப்பு பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அதை உருவாக்கிய கணித மென்பொருளின் உரிமம் என்னிடம் இப்போது இல்லை. நோட்பேடில் திறந்தேன். எக்ஸ் வர்க்கம் என்று நான் எழுதிய இடத்தில் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி என்று அடைப்புக்குறிகள் அடுக்கடுக்காக நின்றன. நான் எழுதிய கணக்கு எனக்கே பிடிபடவில்லை.

அன்றிலிருந்து இதே நினைப்புதான். எழுத்துகளால் ஆன கோப்பெல்லாம் மனிதர் படிக்கக்கூடிய கோப்பு ஆகிவிடாது.

2014இல் ஜுபிட்டர் என்று பெயர் மாறிய கணினி நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; நிரலையும் விடையையும் வரைபடத்தையும் கட்டம் கட்டமாக ஒரே பக்கத்தில் வைக்கும் மென்பொருள் அது. அதன் கோப்பு ஜேசன் (JSON) என்ற, தரவை எழுத்துகளாகச் சேமிக்கும் வடிவம். திறந்த வடிவம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் உள்ளே நிரலின் ஒவ்வொரு வரியும் மேற்கோள் குறிகளுக்குள் கிடக்கிறது. வரைபடம், பொருளற்ற எழுத்துக் குவியலாக அதே கோப்பில் உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கட்டம் எத்தனையாவதாக ஓடியது என்ற எண்ணும் அங்கேயே. நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் மறுபடி ஓட்டிச் சேமித்தால் அந்த எண்கள் மாறிவிடலாம். கோப்பில் என்ன மாறியது என்று பதிவுசெய்யும் கிட் (Git) என்ற கருவி அதையும் ஒரு மாற்றமாகவே காட்டும். உண்மையில் கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றிய வரியை இந்தக் கூட்டத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். கணக்கில் அந்த ஒரு குறிதானே எல்லாம்?

வேறு வழி இல்லாமல் இல்லை. 1968இல் அமெரிக்காவின் எம்ஐடியில் தொடங்கிய மேக்சைமா (Macsyma) என்ற கணித மென்பொருளின் வழிவந்தது மேக்சிமா (Maxima). அதைத் திரையில் இயக்க உதவும் முகப்பான டபிள்யூஎக்ஸ்மேக்சிமாவில் கோப்பைச் சேமிக்க இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, விடைகளையும் படங்களையும் சேர்த்துக் கட்டிய ஜிப் மூட்டை. மற்றொன்று வெறும் உரை: கட்டம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை, மேக்சிமா ஓட்டாமல் தாண்டிவிடும் கருத்துரைக் குறிகளுக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். அதனால் முகப்பே இல்லாமல் மேக்சிமாவுக்கு நேரடியாகக் கொடுத்தாலும் ஓடும். இந்த எளிமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஜூலியா என்ற நிரல்மொழிக்கான நோட்டுப்புத்தகமான புளூட்டோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. கட்டங்களை ஓட வேண்டிய வரிசையில் எழுதுகிறது. திரையில் எந்த வரிசையில் தெரிய வேண்டும் என்பதைக் கோப்பின் கடைசியில் தனிப் பட்டியலாக வைக்கிறது. கோப்பு அப்படியே ஒரு ஜூலியா நிரல்.

விடைகளை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். பல மணி நேரம் ஓடிக் கிடைத்த விடையைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு கோப்பில் வையுங்கள். ஜுபிட்டர் கோப்புக்குத் துணையாக ஓர் உரைக் கோப்பை வைத்து இரண்டையும் இணைக்கும் ஜுபிடெக்ஸ்ட் இதைத்தான் செய்கிறது. ஒரே கோப்பில் எல்லாம் இருந்தால் மின்னஞ்சலில் அனுப்ப வசதி என்பது உண்மை. அந்த வசதிக்காகக் கணக்கையே புதைக்க நான் ஒப்பமாட்டேன்.

என் பழைய தொகையீட்டைப் பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வெறும் உரைக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு வரை பதினொரு வரிகள் மீண்டிருக்கின்றன.