எல்லா எலும்பு மென்மையும் வெயிலில் சரியாகாது

"எலும்பு மென்மையானால் வெயிலில் நில்லுங்கள், வைட்டமின் டி மாத்திரை போடுங்கள், சரியாகிவிடும்" என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பலருக்கு அது சரி. எல்லோருக்கும் இல்லை.

அரிதாகச் சிலருக்கு உடலில் எங்கோ, காலிலோ மூக்கையொட்டிய எலும்புக் குழியிலோ, ஒரு சின்னக் கட்டி இருக்கும். பெரும்பாலும் அது புற்றுநோய் இல்லை. ஆனால் எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோனை அளவுமீறிச் சுரக்கும். உடனே சிறுநீரகம், எலும்புக்கு உறுதி தரும் பாஸ்பேட் என்ற தாது உப்பை வெளியே தள்ளும். வைட்டமின் டி உடலுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாறுவதும் தடைபடும். அப்புறம் வெறும் மாத்திரை எப்படிக் கைகொடுக்கும்?

இவர்கள் படும் பாட்டையும் நினைத்துப் பாருங்கள். படுக்கையில் புரண்டாலே வலி. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாது. விலா, இடுப்பு என்று எலும்புகள் முறியும், உயரம்கூடக் குறையும். சிலர் சக்கர நாற்காலிக்கே போய்விடுகிறார்கள். கால்சியம் அளவு பெரும்பாலும் சரியாகவே இருப்பதால், மூட்டுவாதம் என்றும் மனப்பிரச்சினை என்றும் ஆண்டுக்கணக்கில் அலைய வைக்கப்படுகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாத்திரைக்கு வலி அடங்காவிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் (பரிசோதனைச் சீட்டில் பாஸ்பரஸ்) அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். கட்டியைக் கண்டுபிடித்து முழுதாக எடுத்துவிட்டால் சில நாள்களிலேயே பாஸ்பேட் ஏறத் தொடங்கும். எடுக்க முடியாதவர்களுக்கு புரோசுமாப் என்ற ஊசிமருந்தை 2020-இல் அமெரிக்கா அனுமதித்தது.