காலரா நச்சு: கோக் சொன்னதும் டே காட்டியதும்

"காலரா நச்சை 1884-லேயே ராபர்ட் கோக் கண்டுபிடித்துவிட்டார், சம்புநாத் டே அதை உறுதிப்படுத்தியதோடு சரி" என்று சிலர் சொல்வது தவறு. ஜெர்மன் கிருமியியலாளரான கோக் கல்கத்தாவில் பிரித்தெடுத்தது காலராக் கிருமியை. பேதியை உண்டாக்கும் நச்சை அது சுரக்கலாம் என்றது ஊகம் மட்டுமே.

பின்னால் வந்தவர்கள் கிருமிச் சாற்றை விலங்குகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தார்கள். விலங்கு செத்தது, பேதி வரவில்லை. கொன்றது கிருமியின் உறையிலுள்ள வேறொரு நச்சு. காலரா நச்சு வேலை செய்வது குடலுக்குள்; தேடிய இடமே தப்பு.

கல்கத்தா நோயியலாளரான டே 1953-இல் முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, உள்ளே காலராக் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அது நீர் கோத்து உப்பியிருந்தது. 1959-இல், கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமியை முற்றிலும் வடிகட்டி நீக்கிவிட்டுச் செலுத்தியபோதும் குடல் அப்படியே உப்பியது. உயிருள்ள கிருமி கொஞ்சம் தங்கியிருந்தாலும் அது பெருகி அதே விளைவைக் காட்டியிருக்கும்; ஆகவே வடிகட்டலில்தான் நிரூபணமே இருக்கிறது. இதை 'உறுதிப்படுத்தல்' என்பது அநியாயம்.

நச்சைத் தூய்மையாகப் பிரித்தது 1969-இல், அமெரிக்க ஆய்வாளர்களான ஃபிங்கெல்ஸ்டீனும் லோஸ்பலூட்டோவும். நச்சின் பி பகுதி (குடல் செல்லில் ஒட்டிக்கொள்ளும், தீங்கற்ற பகுதி), குடலில் எதிர்ப்பொருள் சுரக்கத் தூண்டுவதற்காக, டுகோரல் என்ற வாய்வழித் தடுப்பு மருந்தில் இன்றும் சேர்க்கப்படுகிறது.